ஆவாரை வளர்ப்பு: விதை எடுப்பது முதல் பூப் பறிப்பது வரை முழுமையான வழிகாட்டி

மார்கழிக் கடைசியில் கொங்கு நாட்டுச் சந்தைகளில் ஆவாரங்கொப்புகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் வேண்டும். அந்தக் கட்டுகள் பெரும்பாலும் சாலையோரத்திலும் புறம்போக்கிலும் தானாக முளைத்த செடிகளிலிருந்து ஒடித்து வந்தவை. தேநீருக்கும் குளியல் பொடிக்கும் பூ போவதும், நாட்டு மருந்துக் கடைக்கு இலை, பட்டை, வேர் போவதும் அதே செடிகளிலிருந்துதான். எடுப்பவர்கள் ஏராளம், நடுபவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கிடையே சாலை அகலமாகிறது, புறம்போக்கு வீட்டுமனையாகிறது, மிஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்கிறது. பொங்கலுக்குக் கொப்பு ஒடிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செடியாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வளர்ப்பது கடினமில்லை. ஆனாலும் "போட்டுப் பார்த்தேன், வரவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. விசாரித்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். காய்ந்த விதையை அப்படியே மண்ணில் ஊன்றியிருப்பார்கள். அல்லது முளைத்த செடிக்கு ரோஜாச் செடிக்குச் செய்கிற பணிவிடைகளையெல்லாம் செய்திருப்பார்கள். ஆவாரையில் உழைப்பு முழுவதும் விதையிலும் முதல் வருடத்திலும்தான். அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

தாவரவியலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலாட்டா. பழைய நூல்களில் காசியா ஆரிகுலாட்டா என்று இருக்கும். இந்தியாவும் இலங்கையும் மியான்மரும் இதன் தாயகம். அவரை, துவரை, புளி, கொன்றை எல்லாம் அடங்கிய பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெலங்கானாவில் இதற்குத் தங்கேடு என்று பெயர்; அந்த மாநிலத்தின் மலரும் இதுதான். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கும் பூக்களில் முதன்மையானது. இலங்கையில் சிங்களவர்கள் ரணவரா என்று அழைத்துத் தேநீராகக் குடிக்கிறார்கள். சங்கப் பாடல்களில் மடலேறத் துணிந்த தலைவன் பனைமடல் குதிரைக்குச் சூட்டும் மாலையில் ஆவிரை என்ற பெயரில் வருவதும் இதே பூதான்.

மஞ்சள் பூ, கூட்டிலை, காய் என்று பார்த்தால் இதன் உறவினர்கள் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். அதனால் விதை எடுக்கும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல வட்டமான, அகன்ற இலையடிச் செதில் இருக்கும். இளங்கொப்பில் இது பளிச்சென்று தெரியும். சிற்றிலைகள் 8 முதல் 12 ஜோடி. நுனி கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே காம்பின் மேல் ஒரு சிறிய சுரப்பி நிமிர்ந்து நிற்கும். எறும்புகள் அங்கே மொய்ப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காய் தட்டையாக, காகிதம்போல மெல்லியதாக, விதை இருக்கும் இடங்கள் மட்டும் லேசாகப் புடைத்து இருக்கும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் பொன்னாவாரை. அதற்குச் சிற்றிலைகள் குறைவு, நுனி கூர்மை, கசக்கினால் நாற்றம் அடிக்கும், சுரப்பி இலைக்காம்பின் அடியில் மட்டும்தான் இருக்கும். அதன் விதை நஞ்சு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அந்தக் காயைத் தின்ற சிறு பிள்ளைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடியாடும் தோட்டத்தில் தவறியும் அதை விதைத்துவிடக் கூடாது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பயிராகும் நிலாவாரை இன்னொரு செடி. மலச்சிக்கலுக்கு இலை விற்பனையாவது அதிலிருந்து. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை நிறைத்துவிட்ட மஞ்சள்கொன்றையும் இதே சென்னா இனம்தான். ஆனால் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். வனத்துறை அதைப் பிடுங்குவதற்குப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. பூ மஞ்சளாக இருக்கிறதே என்று அதன் நாற்றை வாங்கி நடாதீர்கள்.

விதை எடுக்கும் பருவம்

பொங்கலை ஒட்டிப் பூத்த கொப்புகளில் மாசி முதல் சித்திரை வரை காய் முற்றும். பச்சை மாறிப் பழுப்பாகி, ஆட்டினால் கலகலவென்று ஓசை வரும்போது பறியுங்கள். அதற்கு முன் பறித்தால் விதை சுருங்கிப்போகும். வெகுநாள் விட்டால் வண்டு துளைத்துவிடும். பயறு மூட்டையில் விழுகிற வண்டின் உறவுக்காரப் பூச்சிகள் காய் பச்சையாக இருக்கும்போதே முட்டையிட்டுவிடுகின்றன. துளை விழுந்த விதைகளைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

உங்கள் ஊரைச் சுற்றி இருக்கும் செடிகளிலிருந்தே விதை எடுங்கள். கரிசலில் தலைமுறை தலைமுறையாக நின்ற செடியின் விதை கரிசலைத் தாங்கும். கடலோர உவர்மண் செடியின் விதை உப்பைத் தாங்கும். ஒரே செடியை உருவாமல், ஏழெட்டுச் செடிகளில் செடிக்கு ஒரு கைப்பிடி எடுத்தால் போதும். மீதி அங்கேயே விழட்டும். தண்டுக் குச்சி வைத்து வேர்விட வைப்பது நம்பகமான வழி இல்லை, விதைதான் ராஜபாட்டை.

உலர்ந்த விதையைக் காகித உறையில் போட்டு, கொஞ்சம் வேப்பிலைப் பொடி கலந்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். விதைத்தோல் கெட்டியாக இருப்பதால் அடுத்த மழைக்காலம் வரை தாராளமாகத் தாங்கும்.

விதையை எழுப்புவது

எல்லாம் தங்கியிருப்பது இந்தப் படியில்தான். ஆவாரை விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. வறண்ட நிலத்துச் செடி, ஒரு கோடை மழையை நம்பி எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைத்துக் கருகிவிடாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு இது. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, மண்ணில் உரசித் தோல் பலவீனமாகி, ஆண்டுக்குச் சில விதைகளாக முளைக்கும். நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். கொதி அடங்கி ஓரிரு நிமிடம் ஆன பிறகு, விதையின் அளவைப்போலப் பத்து மடங்கு தண்ணீரை விதையின் மேல் ஊற்றுங்கள். அடுப்பில் வைத்து விதையைக் கொதிக்கவிடக் கூடாது, முளைக்கரு வெந்துவிடும். ஊற்றிய தண்ணீர் தானாக ஆறட்டும். இரவு முழுவதும் அப்படியே விடுங்கள்.

காலையில் பாத்திரத்தில் மூன்று வகை விதைகள் தெரியும். சில மிதக்கும், பெரும்பாலும் உள்ளே பொக்கு, கொட்டிவிடுங்கள். சில ஊறி இரண்டு மடங்காகப் பருத்து, தோல் நிறம் வெளிறி, நகத்தால் அழுத்தினால் பதியும். இவை விதைக்கத் தயார். மீதி விதைகள் போட்டபடியே சிறுத்து, கல்லாக, பளபளப்பாகக் கிடக்கும். அவை செத்தவை இல்லை. தனியே எடுத்து, மழுங்கிய பக்கத்தை உப்புத்தாளில் இரண்டு மூன்று முறை உரசிவிட்டு மறுபடி ஓரிரவு சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். முளை வெளிவரும் ஒரு முனையை மட்டும் உரசாமல் விட்டுவிட வேண்டும். விதையின் கூரான பக்கம் அது. பத்து இருபது விதை மட்டுமே வைத்திருப்பவர்கள் வெந்நீரே வேண்டாம் என்று எல்லாவற்றையும் உரசியே ஊறவைக்கலாம். சேதம் இன்னும் குறையும்.

ஊறிய விதையைத் திரும்பக் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது. அன்றே விதைத்துவிடுங்கள்.

நாற்றா, நேரடி விதைப்பா?

வயல் வரப்பு, வேலியோரம், மேட்டுச் சரிவு என்றால் நான் நேரடி விதைப்பையே சொல்வேன். ஆவாரை முதலில் ஆணிவேரைக் கீழே இறக்கிவிட்டுத்தான் மேலே வளரும். மண்ணில் நேராக விழுந்த விதையின் வேர் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கும். பையில் வளர்ந்த நாற்று அந்த வேகத்தைப் பிடிக்கச் சிரமப்படும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முதல் பாதி வரை சரியான நேரம். மண்ணில் ஈரம் பிடித்த பிறகு, ஒரு குழிக்கு மூன்று விதை, விரல்கணு ஆழத்துக்குமேல் போகாமல் ஊன்றுங்கள். முளைத்து ஒரு சாண் வந்ததும் நல்லதாக ஒன்றை விட்டு மற்றவற்றை மண் மட்டத்தில் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிப்போகும்.

வீட்டுத் தோட்டத்துக்கும் தொட்டிக்கும் பை நாற்று வசதி. அகலமான பையைவிட உயரமான பை முக்கியம். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு போதும். பையின் அடியில் துளைகள் அடைபடாமல் இருக்கட்டும். நேர்த்தி செய்த விதை ஒரு வாரம் பத்து நாளில் தலைகாட்டும். முதலில் வருவது தடித்த இரண்டு விதையிலைகள். அதன் பிறகுதான் கூட்டிலை. இந்தக் கட்டத்தில் நாற்று சாய்ந்து, தண்டின் அடி கறுத்து மடிந்தால் அது நாற்றழுகல். தண்ணீர் அதிகமானதுதான் காரணம். மேல்மண் காய்ந்த பிறகே தெளியுங்கள். முதல் நாளிலிருந்தே வெயிலில் வையுங்கள். நிழலில் வளர்த்தால் நாற்று ஒல்லியாக நெட்டி வளர்ந்து, நட்டதும் காற்றில் ஒடியும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். அதற்குமேல் பையில் இருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேருள்ள செடி வருடக்கணக்கில் முடங்கியே நிற்கும். பிறகு சரிசெய்ய வழியில்லை.

இடமும் குழியும்

நாள் முழுக்க வெயில் விழும் இடம். சமரசம் செய்தாலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை: செம்மண், சரளை, கரிசல், சற்றே உவர் ஏறிய மண், எல்லாவற்றிலும் நிற்கும். நிற்காத இடம் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்றுதான். கரிசல் மண்ணில் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

குழி ஒன்றரை அடி ஆழம், ஒரு அடி அகலம். தோண்டிய மண்ணையே திரும்பப் போட வேண்டும். இரண்டு கைப்பிடி மக்கிய தொழுவுரம் கலந்தால் அதுவே தாராளம். நல்ல மண்ணைக் கொண்டுவந்து குழியை நிரப்புவது இந்தச் செடிக்குத் தீங்கு. சுற்றிலும் கெட்டி நிலம், நடுவில் பொதுபொது மண் என்றால் மழைத் தண்ணீர் அந்தக் குழியில் தங்கி வேரை அழுக்கிவிடும். வேரும் சொகுசான மண்ணை விட்டு வெளியேறாமல் அங்கேயே சுற்றும்.

பூவுக்காகத் தனிச்செடியாக நடுபவர்கள் 5 அடி இடைவெளி விடுங்கள். வேலிக்கு இரண்டு வரிசை, வரிசைக்குள் 2 அடி, முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைச் செடி வருமாறு முக்கோணமாக. வேறு தீவனம் இருக்கும்வரை ஆடும் மாடும் ஆவாரையில் வாய் வைப்பதில்லை என்பதால் இந்த வேலிக்கு இன்னொரு வேலி போட வேண்டியதில்லை. கிராமத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

மாடியில் வளர்க்க 15 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். ஆழம் அகலத்துக்குச் சமமாக இருக்கட்டும். மாடித் தோட்டக்காரர்கள் வழக்கமாகப் போடும் தென்னைநார்க் கழிவை இதற்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆவாரைக்கு வேண்டியது வடிகால். தொட்டிச் செடி தரைச்செடி அளவுக்குப் பூக்காது, ஆனால் பொங்கலுக்கு நான்கு கொப்பு நிச்சயம் தரும்.

தண்ணீர், உரம்

நட்ட முதல் மாதம் மழை இல்லாவிட்டால் வாரம் இரண்டு முறை. அதன் பிறகு முதல் கோடை முடியும்வரை வாரம் ஒரு முறை, ஆனால் ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே படரும். வாரம் ஒரு குடம் என்றால் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். இரண்டாம் வருடம் தரையில் நிற்கும் செடிக்கு நீங்கள் தண்ணீர் கொண்டுபோக வேண்டியதில்லை. கோடையில் கொஞ்சம் இலை உதிர்த்தால் பதறாதீர்கள். முதல் மழைக்குத் துளிர்க்கும்.

உரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பயறுக் குடும்பம் என்பதால் ஆவாரையும் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை வளமாக்கும் என்கிறார்கள். உளுந்தும் சணப்பையும் செய்கிற அந்த வேலையைச் சென்னா இனச் செடிகள் பொதுவாகச் செய்வதில்லை. அவற்றின் வேரில் முடிச்சே உருவாவதில்லை. ஆவாரையால் மண்ணுக்குக் கிடைக்கும் நன்மை தழை மூலமாக. ஆழத்திலிருந்து வேர் எடுத்த சத்து இலைக்கு வருகிறது, அந்த இலையை வெட்டி வயலில் மிதித்தால் நிலத்துக்குச் சேர்கிறது. எருக்கு, வேம்பு, புங்கம், கொளுஞ்சியோடு ஆவாரையும் பசுந்தழை உரமாக நெல் வயல்களில் காலங்காலமாகப் போடப்படுவது அதனால்தான்.

செடிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது வருடத்துக்கு ஒரு முறை, ஆடி மாதத்தில், ஒரு கூடை மக்கிய உரம். யூரியா கூடவே கூடாது. தழைச்சத்து ஏறினால் கொப்பு நீளமாகவும் மென்மையாகவும் ஓடும், பூ தள்ளிப்போகும், அசுவினி வந்து உட்காரும்.

கவாத்து

ஆவாரை கொப்பின் நுனியில் கொத்தாகப் பூக்கும். கொப்பு எத்தனையோ அத்தனை கொத்து. நட்ட செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். அவை ஒரு சாண் வந்ததும் இன்னொரு முறை கிள்ளுங்கள். அதற்குமேல் முதல் வருடத்தில் கத்தி படக் கூடாது.

இரண்டாம் வருடத்திலிருந்து, காய் எடுத்து முடித்த பிறகு, ஆடிக்குள் ஒரு கவாத்து. மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்து, உள்நோக்கி வளர்ந்த கிளைகளையும் காய்ந்தவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் வரும் புதுத்துளிர்தான் தையில் பூக்கும். புரட்டாசிக்குப் பிறகு வெட்டினால் அந்தப் பொங்கலுக்குப் பூவை மறந்துவிட வேண்டியதுதான்.

நாலைந்து வருடத்தில் செடி அடியில் மொட்டையாகி மேலே மட்டும் தழைத்து நிற்கும். அப்போது மழை தொடங்கும் முன் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு முழுக்க வெட்டுங்கள். அஞ்ச வேண்டாம், அடிக்கட்டையிலிருந்து புதுக் கொப்புகள் கிளம்பும். ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. செடியை வெட்டிப் பட்டையை உரிப்பார்கள், கட்டை மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டுவார்கள். பிற்பாடு வாட்டில் மரப்பட்டை அந்த இடத்துக்கு வந்தது. பட்டைக்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் நடப்பட்ட அந்த ஆஸ்திரேலிய மரங்கள் இன்று சோலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கின்றன. சொந்த மண்ணின் செடியைக் கைவிட்டதற்கு மலை கொடுத்துக்கொண்டிருக்கும் விலை அது.

பூவும் வண்டும்

பூத்த செடியின் அருகே காலையில் சற்று நின்று பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத்தாள்கள். மேலே உள்ள மூன்றும் மலடு. கீழே நீண்டு வளைந்தவைதான் வளமானவை. பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காமல் நுனியில் சிறு துளையோடு மூடியே இருக்கும். பெரிய கருவண்டு (மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத் தேனீ) வந்து தாள்களைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் உடலை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் அந்த நொடியில் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். துளை வழியாக மகரந்தம் புகைபோலப் பீறிடும். கூட்டமாக வரும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

ஆகவே பூ கொட்டியும் காய் பிடிக்கவில்லை என்றால் மண்ணையும் உரத்தையும் சந்தேகிக்காதீர்கள், கருவண்டு வருகிறதா என்று பாருங்கள். அது கூடு வைக்கப் பட்ட மரக்கிளையோ பழைய மூங்கிலோ தோட்டத்தில் ஒரு மூலையில் கிடக்கட்டும். பூச்சிக்கொல்லி தெளிக்கும் தோட்டத்தில் அது தங்காது.

இலையைப் பச்சைப் புழுக்கள் தின்றால் அவை பெரும்பாலும் வெளிர்பச்சை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள். செடி நன்றாக ஊன்றியிருந்தால் இழந்த இலையைச் சில வாரத்தில் மீட்டுக்கொள்ளும்; விட்டுவிடுங்கள். நாற்றாக இருந்தால் மட்டும் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும். பூ இருக்கும் கொத்தில் படக் கூடாது.

பறிப்பதும் பயன்படுத்துவதும்

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன், முழுதாக விரிந்த பூக்களைக் காம்போடு கிள்ளுங்கள். மொட்டுகளை விட்டுவிட்டால் கொத்து பல நாள் பூ தரும். கொத்துக்கு மூன்றில் ஒரு பங்கை வண்டுக்கும் விதைக்கும் விடுவது வழக்கமாகட்டும். துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் காயவையுங்கள். இதழ் விரலில் நொறுங்கினால் பதம். நேர்வெயிலில் போட்டால் மஞ்சள் வெளிறிப் பழுப்பாகும்; ஈரம் மிச்சமிருக்க டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பச்சைப் பூவைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைக்கலாம், உலர்ந்ததைக் கொதிநீரில் போட்டுத் தேநீராக்கலாம், பச்சைப்பயறோடு அரைத்துக் குளியல் பொடியாக்கலாம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியை நம்பிச் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்பது ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரை, கோட்டம், மருது சேர்ந்த கூட்டு மருந்து. மருத்துவர் நாடி பார்த்து அளவு சொல்லிக் கொடுப்பது. மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தினசரிக் கஷாயமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

பொங்கலுக்குக் கொப்பு எடுக்கும்போது ஒடிக்காமல், கூர்மையான கத்திரியால் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒடித்தால் பட்டை கிழிந்து கீழ்வரை உரியும், அந்தக் கிளை பட்டுப்போகும். செடிக்கு இரண்டு கொப்பு எடுத்தால் போதும். வெட்டாமல் விட்ட கொத்துகள் மாசியில் காய் பிடித்து அடுத்த ஐப்பசிக்கு விதை தரும். அண்டை வீட்டாருக்கு விதையைக் கொடுக்கும்போது வெந்நீர் விஷயத்தையும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.